கட்டியவன் பெயரைக் களவாடும் கயமை

தமிழன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கொரு கட்டுரை விடுத்திருந்தார். ‘சிம்பாபுவேயைக் கட்டிய செந்தமிழர்’ என்பது தலைப்பு. இருபது பக்கம், தம் கைப்பட, அடித்தல் திருத்தல் இன்றி, முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் பெருங்கற் கோட்டை நம் முன்னோரால் எழுப்பப் பெற்றது என்றும், ‘செம்பாவை’ என்னும் தூய தமிழ்ச் சொல்லே நாளடைவில் ‘சிம்பாபுவே’ எனத் திரிந்தது என்றும், இதனை ஓர் ஐரோப்பிய அறிஞரே ஒப்புக்கொண்டு நூல் எழுதியிருக்கின்றார் என்றும் அதில் கண்டிருந்தது. முதற்பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

நாம் அதனை வெளியிடவில்லை. வெளியிடப் போவதும் இல்லை.

இதனைப் படிக்கும்போதே சிலர்க்குச் சினம் மூளும். “தமிழன் பெருமையைத் தமிழன் இதழே மறைப்பதா?” என்று கேட்பர். கேட்கட்டும். தமிழன் பெருமைக்கு எவன் வீட்டுக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வர வேண்டிய தேவை இல்லை. அதிலும், எவனிடமிருந்து அக்கல் பெயர்க்கப் பெறுகின்றது என்பதை அறிந்த பின்னர், மானமுள்ள தமிழன் எவனும் அதற்கு உடன்படான். அக் கல்லின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிம்பாபுவே நாட்டின் தென்பகுதியில் மசுவிங்கோ என்னும் ஊரின் அருகில் உள்ளது பெருஞ்சிம்பாபுவே. குன்றின் மேல் ஒரு கற்கோட்டை. அதன் கீழே பள்ளத்தாக்கில் பெருஞ்சுற்று எனப்படும் மாமதில். அம்மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். சில இடங்களில் உயரம் 11 மீட்டர். செங்கல் அளவிற் செதுக்கிய கருங்கற்களை அடுக்கடுக்காக வைத்து எழுப்பியிருக்கின்றனர். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லின் மேற் கல், தன் எடையால் தானே நிற்கின்றது. உள்ளே கூம்பு வடிவில் உள்ளீடற்றதன்று, முற்றும் கல்லால் நிரம்பிய ஒரு கோபுரம். 11ஆம் நூற்றாண்டு தொடங்கி 15ஆம் நூற்றாண்டு வரை, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நகரம் அது. ஆட்சியாளரும் குடிகளும் ஆங்கு வாழ்ந்தனர், மாடு மேய்த்தனர், பொன் எடுத்தனர், அப்பொன் சொபாலாத் துறைமுகத்தின் வழியாகக் கில்வா வணிகர் கைக்குச் சென்று இந்தியப் பெருங்கடல் எங்கும் பரவிற்று. கட்டியவர் சோனா மக்களின் முன்னோர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் அதே மண்ணில், அதே மொழியைப் பேசிக்கொண்டு வாழ்கின்றனர்.

இதில் ஐயத்திற்கு இடமே இல்லை. எனினும், இவ்வளவு எளிய உண்மையை ஒப்புக்கொள்வதற்கு வெள்ளையனுக்கு நூறாண்டுகள் பிடித்தன என்றால், அறிவுக் குறைவா அதற்குக் கரணியம்? படியுங்கள்.

1871ஆம் ஆண்டு கார்ல் மௌக் என்னும் செருமானியர் அவ்விடத்தை அடைந்தார். நெடுமதில்களைக் கண்டு மலைத்தார். ‘இக் கறுப்பர்கள் இதனைக் கட்டியிருக்க முடியாது’ என்னும் முடிவு அவர் உள்ளத்தில் முன்னரே இருந்தது. சான்று ஒன்றுதான் தேவைப்பட்டது. வாயிலின் மேல் இருந்த உத்தரக் கட்டையில் ஒரு சிம்பைச் சீவியெடுத்தார். தம் எழுதுகோலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நிறமும் மணமும் ஒத்திருந்தனவாம். எழுதுகோல் கேதுரு வகை மரத்தாற் செய்வது. கேதுரு இலெபனானில் விளைவது. இலெபனானிலிருந்து மரம் கொண்டுவரக் கூடியவர் பினீசியர். பினீசியரை ஏவக் கூடியவர் சாலமோன் அரசர். சாலமோனைக் காணச் சென்றவள் சீபா நாட்டு அரசி. ஆகவே இஃது அவ்வரசியின் அரண்மனை! ஓர் எழுதுகோலின் துணைகொண்டு ஓர் இனத்தின் நானூறாண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் துடைத்தெறியப்பட்டது. அம்மரம் அந்நாட்டுக் காட்டிலேயே வளரும் தம்போத்தி என்னும் மரம் என்பது பின்னர்த் தெரிந்தது. அருகில் நின்ற சிற்றூர்ச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மௌக்காவது ஏமாந்தவர் என்று விட்டுவிடலாம். அடுத்து வந்தவர்கள் ஏமாந்தவர் அல்லர்; ஏமாற்றியவர்.

1890இல் செசில் உரோட்சின் குழும்பு அந்நாட்டிற்குள் படையோடு புகுந்தது. நாடு பிடிக்க வந்தவனுக்கு ஒரு பழங்கதை தேவைப்பட்டது. ‘முன்னொரு காலத்தில் வெளியிலிருந்து வந்த வெண்ணிற இனத்தார் இங்கே பொன் எடுத்து ஆண்டனர், இன்று நாம் திரும்பி வந்திருக்கின்றோம்’ என்று சொல்லிக்கொள்வதற்குப் பெருஞ்சிம்பாபுவேயைக் காட்டிலும் ஏற்ற மேடை எது? உரோட்சின் குழும்பும் இலண்டன் அறிவியற் கழகங்களும் பொருளுதவி செய்ய, 1891இல் தியோடர் பெந்து என்பவர் அகழ்ந்தார். அகழ்ந்த இடமெல்லாம் கிடைத்தவை ஆப்பிரிக்கப் பானைகள், ஆப்பிரிக்க இரும்புக் கருவிகள். முதலில் அவரும் சோர்ந்துதான் போனார். ஆயினும் அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலில், இதனைக் கட்டியவர் அரபு நாட்டிலிருந்து வந்த பழங்குடியினர் என்றே எழுதினார். மண் ஒன்றைச் சொல்லிற்று. கை வேறொன்றை எழுதிற்று.

1895இல் இதற்கென்றே ஒரு வணிகக் கழகம் தோன்றியது. அந்நாட்டில் உள்ள பழங்கட்டடங்களைத் தோண்டிப் பொன் எடுப்பது அதன் தொழில். பெருஞ்சிம்பாபுவே ஒன்று நீங்கலாகப் பிற இடிபாடுகளைத் துழாவ அதற்கு இசைவு கொடுக்கப்பட்டது. இறந்தோரின் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னணிகள் எடுக்கப்பட்டன. பல உருக்கப்பட்டன. ஓர் இனத்தின் பொற்கொல்லர் செய்த வேலைப்பாடு பொற்கட்டியாகி விலைபோயிற்று. பின்னர் அதே வாய்கள், ‘இவர்களுக்குப் பொன்வேலை தெரியாது’ என்று பேசின.

இவர்கள் எல்லாரையும் விஞ்சியவர் இரிச்சர்டு நிக்ளின் ஆல் என்னும் செய்தியாளர். தொல்லியல் அவர் கற்றதில்லை. 1902இல் அவரையே பெருஞ்சிம்பாபுவேயின் காப்பாளராக அமர்த்தினர். காத்தல் அவர் பணி. அவர் செய்தது என்ன? பழைய கட்டடத்தின் மேல் பிற்காலக் கறுப்பர்கள் வந்து குடியிருந்து குப்பை சேர்த்துவிட்டனராம். அக்குப்பையை அகற்றினால் அடியில் உண்மையான பழமை தெரியுமாம். இரண்டாண்டுகள் மண்வெட்டியும் கூடையுமாக ஆள்களை ஏவி, மதில்களுக்குள் பல அடி ஆழத்திற்கு மண்ணை வாரி வெளியே கொட்டினார். வாரிக் கொட்டியது எது? அந்நகர மக்கள் வாழ்ந்த வீடுகளின் மண்தளங்கள், அடுப்புகள், பானை ஓடுகள், எலும்புகள், அடுக்கடுக்கான நானூறாண்டு வாழ்க்கை!

தொல்லியல் அறியாத அன்பர்க்கு இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். அகழாய்வில் பொருளைவிட அது கிடந்த படிவே தலையாயது. ஒரு பானை ஓடு எந்தத் தளத்தின் மேல், எந்தத் தளத்தின் கீழ்க் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது எக்காலத்தது, மதிலுக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லவியலும். படிவைக் கலைத்துவிட்டால் ஓடு வெறும் ஓடுதான், அதற்கு நாவில்லை. நூலின் பக்கங்களைக் கிழித்துக் காற்றில் விட்டபின் கதையைத் தொடர்ந்து படிக்க முடியுமா? ஆல் கிழித்தெறிந்த பக்கங்களை இனி எவராலும் கோத்தல் இயலாது. தொல்லியலாரின் எதிர்ப்பு மிகவே, 1904இல் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். எல்லாம் முடிந்த பிறகு!

இந்த இருட்டிலும் நேர்மையாளர் சிலர் வந்தனர். வெள்ளையர் எல்லாரும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. சொல்வது அறமும் ஆகாது. 1905இல் இராண்டல் மக்கைவர் என்பவர் அகழ்ந்து, இக்கட்டடங்கள் இடைக்காலத்தவை, ஆப்பிரிக்கர் கட்டியவை என்று அடித்துச் சொன்னார். உரொடீசிய வெள்ளையர் அவரைத் தூற்றினர். 1929இல் கெர்த்துரூடு கேட்டன் தாம்சன் என்னும் அம்மையார், தம்மைப்போன்ற இரு பெண்டிரை உடன்கொண்டு வந்து சேர்ந்தார். பிறர் கலைக்காத இடமாகத் தேடித் தேடி அகழ்ந்தார். மதிலின் அடித்தளத்திற்குக் கீழேயும், மூடிக்கிடந்த வீட்டுத்தளங்களுக்கு அடியிலும் கிடைத்த மட்கலங்கள் ஆப்பிரிக்க மரபின. அவற்றோடு கிடந்த சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் காலத்தைக் காட்டின. பினீசியரும் இல்லை, சாலமோனும் இல்லை. ஆப்பிரிக்க உழைப்பும் இடைக்காலமுமே எல்லா இடத்தும் தெரிகின்றன என்று அறிஞர் அவையில் அறிவித்தார்.

அந்த அவையில் ஒரு செய்தி நடந்தது. தென்னாப்பிரிக்காவின் பெயர்பெற்ற உடற்கூற்றறிஞர் இரேமண்டு டார்ட்டு சினம் பொங்கப் பேசிவிட்டு வெளியேறினார். இவர் யார்? 1924இல் கிடைத்த தாவுங்கு மண்டையோட்டை ஆய்ந்து, மாந்தனின் முன்னோர் தோன்றியது ஆப்பிரிக்காவில்தான் என்று உலகிற்கு அறிவித்த அதே டார்ட்டு! மாந்தன் ஆப்பிரிக்காவில் பிறந்தான் என்பதை ஏற்றுக்கொண்டவர்க்கு, ஆப்பிரிக்கன் ஒரு மதில் கட்டினான் என்பது தொண்டையில் இறங்கவில்லை. படிப்பு வேறு, நடுவுநிலை வேறு.

பின்னர்க் கதிர்க்கரிமக் கணிப்பு வந்தது. 1950களில் செய்த ஆய்வுகளும் அம்மையார் கூற்றையே உறுதிசெய்தன. அறிவுலகில் வழக்கு முடிந்தது. அரசியலில் முடியவில்லை. 1965இல் இயன் சுமித்தின் வெள்ளையர் ஆட்சி தானே விடுதலை அறிவித்துக்கொண்ட பிறகு, பொய்க்கு மீண்டும் அரசுப் பணி கிடைத்தது. கட்டியவர் கறுப்பர் என்று எழுதாதே, ‘யாரென்று உறுதியில்லை’ என்று எழுது என வழிகாட்டி நூல் எழுதுவோரும் அருங்காட்சியகத்தாரும் நெருக்கப்பட்டனர். பழஞ்சின்னங்களின் மேற்பார்வையாளராய் இருந்த பீட்டர் கார்லேக்கு இதற்கு உடன்படாமல் 1970இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1973இல் வெளிநாட்டிலிருந்து தம் நூலை வெளியிட்டார். ஒரு மதிலின் அகவையைச் சரியாகச் சொன்னதற்காக நாடு நீங்க வேண்டியிருந்தது!

‘உறுதியில்லை’ என்னும் சொல்லின் சூழ்ச்சியை உன்னிக்க வேண்டும். ‘அவர்கள் கட்டவில்லை’ என்றால் சான்று கேட்பர். ‘உறுதியில்லை’ என்றால் அடக்கம்போலத் தோன்றும். அறிவின் நடுவுநிலைபோல மணக்கும். ஆனால் பயன் ஒன்றே. உரியவன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாகின்றது. அவ்வெற்றிடத்தில் ஆள்பவன் வந்து உட்காருகின்றான்.

இதே வேலையைக் காட்டின் பெயராலும் செய்தார்கள். 1896இல் மாட்டு வெக்கை நோய் அந்நாட்டிற்குட் புகுந்தது. வடகிழக்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் இறக்கிய மாடுகளோடு வந்து, பத்தே ஆண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனை வரை பரவிய கொள்ளை நோய் அது. மாட்டை நம்பிய குடிகள் பஞ்சத்தில் மடிந்தன. மேய்ச்சல் நிலம் புதராயிற்று. புதரில் விலங்கு பெருகிற்று. பின்னர் வந்த வெள்ளை ஆய்வாளன், ‘ஆகா, மாந்தன் காலடி படாத கன்னிக்காடு!’ என்று வியந்து எழுதினான். இடுகாட்டைக் கண்டு பூங்கா என்றான். 1959இல் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்களை வெளியேற்றினர். அதே ஆண்டில் செரெங்கெட்டி சாகலாகாது என்று செருமானியர் எடுத்த படம் உலகெங்கும் ஓடிப் பரிசும் பெற்றது. சிம்பாபுவேயின் தென்கிழக்கில் கொனரெசௌ காட்டில் வாழ்ந்த சாங்கான் குடிகளும் அவ்வாறே நீக்கப்பட்டனர். 1975இல் அது நாட்டுப் பூங்கா ஆயிற்று. தந்தை வேட்டையாடிய காட்டில் மகன் வேட்டையாடினால் திருட்டு. வெளிநாட்டுச் செல்வன் பணம் கட்டிச் சுட்டால் விளையாட்டு. விலங்கைக் காக்க வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவ்விலங்கோடு ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவனைக் குற்றவாளியாக்கிவிட்டுத்தான் காக்க வேண்டுமா என்பதே கேள்வி. மதிலுக்குக் கட்டியவன் இல்லை, காட்டிற்குக் குடியானவன் இல்லை: இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த பேச்சு. 1963இல் ஆக்சுபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் திரெவர் உரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு தவிர வேறு வரலாறு இல்லை, எஞ்சியது இருளே என்ற பொருள்படப் பேசியது இம்மரபின் முடிசூட்டு விழா.

இனி நம் அன்பரின் கட்டுரைக்கு வருவோம்.

அவர் சான்று காட்டும் ‘ஐரோப்பிய அறிஞர்’ சிரில் உரோம்னிக் என்பவர். 1981இல் தென்னாப்பிரிக்காவில் வெளிவந்தது அவர் நூல். ஆண்டை நினைவிற் கொள்க. 1980 ஏப்பிரல் 18இல் சிம்பாபுவே விடுதலை பெற்றது. அக்கோட்டையின் பெயரையே நாட்டிற்கு இட்டனர். அங்குக் கிடைத்த மாக்கற் பறவையைக் கொடியில் பொறித்தனர். அடுத்த ஆண்டே, வெள்ளையர் ஆட்சி இன்னும் நிலைத்திருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு நூல், ‘தென்னாப்பிரிக்காவின் பொன்சுரங்கங்களும் கற்கட்டடங்களும் இந்தியாவிலிருந்து வந்தோர், குறிப்பாகத் திராவிடர், தொடங்கி வைத்தவை’ என்கின்றது. பினீசியன் பொய் செத்துவிட்டது. சீபா அரசியும் செத்தாள். இப்போது நம்மைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கின்றனர். இது பெருமையா? கறுப்பனை இறக்குவதற்கு நம் முதுகைப் படிக்கட்டாகக் கேட்கின்றனர். தொல்லியலார் இக்கொள்கையை ஏற்கவில்லை என்பதை அன்பர் தம் இருபது பக்கத்தில் ஓரிடத்தும் சொல்லவில்லை.

சான்றுகளைப் பார்ப்போம். கொமாத்தி என்றோர் ஆறு தென்னாப்பிரிக்காவில் ஓடுகின்றது. கோமுட்டி வணிகர் பெயரே அது என்கின்றார் உரோம்னிக். அவ்வாற்றங்கரையில் வழங்கும் சுவாசி மொழியிலும் அதற்கு உறவான சூலு மொழியிலும் பசுவைக் குறிக்கும் சொல் இதனை ஒட்டியது. உள்ளூர்ச் சொல் வாயிற்படியில் நிற்க, கடல் கடந்து சொல் தேடுவானேன்? ‘செம்பாவை’யின் கதை இன்னும் இரங்கத்தக்கது. சோனா மொழியில் ‘இம்பா’ என்றால் வீடு. அதன் பன்மை ‘சிம்பா’. ‘புவே’ என்றால் கல், பன்மை ‘மாபுவே’. கல்வீடுகள் என்பதே பெயரின் பொருள் என்பர் அம்மொழியார். அம்மொழிக் குடும்பத்தில் ஒருமை பன்மை சொல்லின் தலையில் தோன்றும். நம் மொழியிலோ வாலில் தோன்றும். ‘முனு’ என்றால் ஆள், ‘வனு’ என்றால் ஆள்கள். இவ்வடிப்படை இலக்கணத்தைக் கூடப் பாராமல் ஒலி ஒப்புமையைப் பிடித்துத் தொங்குவது சொல்லாய்வா? வடமொழியாளன் நம் சொற்களை எல்லாம் இப்படித்தான் தன் சொல் என்றான். வேர் காட்டு, திரிபு விதி காட்டு, முதல் வழக்குக் காட்டு என்று அவனிடம் கேட்டவர்கள் நாம். அவனிடம் கேட்ட கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளாவிடில், கேட்ட உரிமையும் போகும். இவ்விதழிலேயே முன்பு இத்தகு ஒப்புமைக் கட்டுரைகள் இரண்டொன்று வந்ததுண்டு. அன்று ஆர்வத்தால் வெளியிட்டோம், இன்று நாணுகின்றோம்.

‘தென்னாப்பிரிக்க அகழ்விடங்களில் இந்தியக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளனவே’ என்பது அன்பரின் இறுதிப் படைக்கலம். கிடைத்துள்ளன, மறுப்பார் இல்லை. வணிகம் நடந்தது. சீனப் பீங்கான் கிடைத்தது, பாரசீகக் கலம் கிடைத்தது, கில்வாக் காசு கிடைத்தது. சீனன் கட்டினானா? பாரசீகன் கட்டினானா?

நம் வீட்டிலேயே இவ்வழக்கு நடந்திருக்கின்றது. 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், உரோம நாட்டு மட்கலங்களைக் கண்டு, அதனை உரோம வணிகத்தால் எழுந்த வணிகநிலையம் என்னுமாறு விளக்கினார். அன்று நாம் என்ன சொன்னோம்? உரோமன் வருமுன்னரே அங்கே ஊர் இருந்தது; பண்டம் வந்ததால் ஊர் அவனுடையது ஆகாது என்றோம். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நடத்திய மறு அகழ்வு நம் கூற்றுக்கு வலுவூட்டியது. உரோமன் ஓடு கிடந்ததால் அரிக்கமேடு உரோமனுக்கு ஆகாது. ஆனால் நம் மணி கிடந்தால் மட்டும் சிம்பாபுவே நமக்கு ஆகுமோ? எந்த முழக்கோலால் பிறன் நம்மை அளக்கலாகாது என்கின்றோமோ, அம்முழக்கோலால் நாம் பிறனை அளப்பது எந்த அறம்?

ஆப்பிரிக்க மண்ணில் தமிழன் தடம் இல்லையா? உண்டு. எகிப்தின் செங்கடற் கரையில் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ‘பானை ஒறி’ என்று படிக்கப்பெற்ற ஓடும் அவற்றுள் ஒன்று. பெரணிகேயிலும் தமிழிப் பொறிப்புக் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்து சென்ற ஒரு தமிழன், தன் பானையில் தன் மொழியில் எழுதியிருக்கின்றான். எழுத்துச் சான்று, இடச்சான்று, காலச்சான்று மூன்றும் உண்டு. இதனைப் பற்றி இருபது பக்கம் எழுதுவார் இல்லை! பானை ஓடு சிறிது, கோட்டை பெரிது, ஆகவே கோட்டைதான் வேண்டுமாம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பொய்யர் தோற்றனர், மெய் வென்றது என்று மகிழ்ந்து எழுந்துவிட முடியவில்லை. அந்த மெய்யும் ஆங்கிலத்தில் அன்றோ இருக்கின்றது! கட்டியவன் யார் என்னும் வழக்கு நூறாண்டுக்கு மேல் செருமானியத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தன் பாட்டன் மதில் கட்டினானா என்பதை அறிந்துகொள்ளச் சோனாச் சிறுவன் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டியிருந்தது. அம்மதிலைச் சுற்றி வாழும் நெமன்வா, முகாபே, சரும்பிரா குடியினர் தங்கள் முன்னோர்க்கு அங்கு வழிபாடு செய்து வந்தவர்கள். வெள்ளையன் வேலியிட்டு அவர்களை வெளியே நிறுத்தினான். விடுதலைக்குப் பின்னும் பழஞ்சின்னக் காப்பு என்னும் பெயரால் நெடுநாள் அவ்வேலி நீங்கவில்லை. பொய் சொன்ன ஆய்வாளன் கேட்கவில்லை. மெய் சொன்ன ஆய்வாளனும் அவர்களைப் போதிய அளவு கேட்கவில்லை. இன்னொசெண்டு பிக்கிராயி, சாட்ரெக்கு சிரிக்குரே போன்ற அம்மண்ணின் தொல்லியலார் தலையெடுத்த பின்னரே, சோனா மக்களின் வழக்கும் சொல்லும் ஆய்வுக்குக் கருவிகளாயின. சிரிக்குரே 2021இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கவரப்பட்ட பழமையை மீட்பது என்னும் பொருளது. அந்நூலும் ஆங்கிலத்தில்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்தில் எழுதாத அறிஞனை எந்தப் பல்கலைக்கழகம் அறிஞன் என்கின்றது? கென்யாவில் கூகி வா தியாங்கோ தம் தாய்மொழியாம் கிக்குயுவில் நாடகம் எழுதி ஊராரைக் கொண்டே நடிக்க வைத்ததற்கு, 1977 இறுதியில் சிறையிலடைத்தனர். அடைத்தவன் வெள்ளையன் அல்லன். விடுதலை பெற்ற நாட்டின் கறுப்பு அரசு.

சிம்பாபுவேயில் ஒளியும் தெரிகின்றது. 1996இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தார், எர்பர்ட்டு சிமுந்து தலைமையில், சோனாச் சொல்லுக்குச் சோனாவிலேயே பொருள் கூறும் அகரமுதலியை வெளியிட்டனர். அதுவரை அம்மொழிக்கு இருந்தவை பெரிதும் வெள்ளைக்காரச் சமயத் தொண்டர் தம் தேவைக்குத் தொகுத்த ஆங்கில அகரமுதலிகள். 2013ஆம் ஆண்டின் அரசமைப்பு 16 மொழிகளுக்கு ஏற்பளித்தது. ஏட்டில் உள்ளது நாட்டில் வருமா என்பது அவர்கள் போராட்டம்.

மாக்கற் பறவைகளின் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். பெருஞ்சிம்பாபுவேயில் எட்டுப் பறவைகள் இருந்தன. 1889இல் ஒரு வேட்டைக்காரன் ஊரார் எதிர்ப்பையும் மீறி, சில கம்பளிகளைக் கொடுத்து ஒரு பறவையைப் பெயர்த்து எடுத்துச் சென்றான். அது உரோட்சின் கைக்கு விலைபோய், கேப் டவுனில் அவர் மாளிகையில் அமர்ந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாய்ச் சிதறின. 1981இல் நான்கு பறவைகளைத் தென்னாப்பிரிக்கா திருப்பிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. சிம்பாபுவே அருங்காட்சியகத்தில் இருந்த தேனீ, குளவி வகைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை ஈடாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. திருடிய பொருளைத் திருப்புவதற்கும் கூலி! ஒரு பறவையின் உடைந்த அடிப்பகுதி செருமனியில் கிடந்து, 2003இல்தான் வீடு வந்தது.

உரோம்னிக் எழுதியதும் அதே 1981இல்தான். ஒரு கை பறவையைத் திருப்பிக் கொடுத்தது. மறு கை அப்பறவையைச் செதுக்கியவன் பெயரை எடுத்துக்கொண்டு அதில் நம் பெயரை எழுதிற்று.

அன்பரின் கட்டுரையை அஞ்சலில் அவர்க்கே திருப்பி விடுத்துள்ளோம். குசேர் அல் காதிம் ஓடுகளைப் பற்றி எழுதி விடுத்தால் முதற்பக்கத்திலேயே வெளியிடுவோம் என்று உடன் ஒரு மடலும் வைத்திருக்கின்றோம். மறுமொழி இன்னும் வரவில்லை.